பிகாசாவுக்குப் பின் எது?

கூகுள் நிறுவனம் 2004இல் வாங்கிய பிகாசா என்னும் படத்தொகுப்பு மென்பொருளுக்கு 2016 மார்ச்சில் ஆதரவு நின்றது. மாற்று தேடுவோர் பெரும்பாலும் அழகையும் வேகத்தையுமே நோக்குகின்றனர். முதலில் கேட்க வேண்டிய வினா வேறு: நாம் எழுதும் குறிப்பு எங்கே தங்குகிறது?

கொட்டிவாக்கம் கரையேறிய பங்குனி ஆமையின் படம் ஒன்றைக் கொள்வோம். எடுத்த நாளையும் நேரத்தையும் கேமராவே படத்துள் பதித்துவிடும். 'உயிருடன் கண்டது', 'இறந்து ஒதுங்கியது' என்பதை நாம்தான் எழுதவேண்டும். அக்குறிப்பற்ற படம் ஆய்வுக்கு உதவாது (சுவரில் மாட்ட உதவலாம்!). பிகாசா, ஜேபெக் படத்தின் விளக்கவரியைப் படத்துக்குள்ளேயே எழுதியது. ஆல்பப் பிரிவுகளையோ தனிக் கோப்புகளில் வைத்தது. ஆகவே மென்பொருள் மாறினும் விளக்கம் உடன்வரும், ஆல்பம் வாராது.

இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம், குறிப்பைத் தன் தரவுத்தளத்தில் வைப்பதோடு படத்துக்குள்ளும் எழுதவல்லது. அமைப்புகளில் அது இயங்குகிறதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பத்துப் படங்களின் நகல்களில் குறிப்பெழுதி, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். குறிப்பு தெரிந்தால் மற்றவற்றையும் ஒப்படைக்கலாம்.