வழுக்கும் சாலையில் மிதிவண்டி

'வழு' என்றால் தவறு. இலக்கணம் படித்தவர்களுக்கு வழு, வழாநிலை, வழுவமைதி எல்லாம் தெரியும். வழுவுதல், வழுக்குதல் ஆகிய சொற்களும் அதோடு உறவுடையவையே. வழுக்கு நிலத்தைக் குறிக்க வள்ளுவர் 'இழுக்கல்' என்ற சொல்லை ஆள்கிறார். அங்கே ஊன்றுகோல் உதவுவதுபோல ஒழுக்கமுடையார் சொல் உதவும் என்பது கேள்வி அதிகாரத்தில் வரும் 415ஆம் குறளின் கருத்து. ஆனால் சைக்கிளில் போகிறவனுக்கு ஊன்றுகோல் பிடிக்கக் கை ஏது? இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது. அவனுக்குக் காரணம் தெரிந்திருப்பதுதான் துணை.

மும்பையில் நம்மவர்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பலர் அறிந்தது. தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லி, வடை அண்டாவையும் சாம்பார் வாளியையும் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி நகரமெங்கும் போகிற தமிழர்களை எல்லோரும் பார்த்திருப்போம். நானும் 1980களில் பாத்திர வியாபாரம் தொடங்கியபோது கடைகடையாக வசூலுக்குப் போனது சைக்கிளில்தான். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். மழை என்று தொழிலை நிறுத்த முடியுமா?

முதலில் ஒரு செய்தி. பெருமழையைவிட முதல் மழைதான் அதிகம் வழுக்கும். மாதக்கணக்கில் லாரியும் பஸ்ஸும் சிந்திய எண்ணெய், டயர் தேய்ந்த ரப்பர்த்தூள், புழுதி எல்லாம் சாலையில் படிந்திருக்கும். தூறல் விழுந்ததும் இவை நீரோடு குழைந்து பசைபோல் ஆகிவிடும். ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே முதல் தூறலில் அவசரம் வேண்டாம். பஸ் நிறுத்தத்தின் அருகே தண்ணீரில் வானவில் நிறம் தெரிந்தால் அங்கே டீசல் கிடக்கிறது என்று பொருள்.

அடுத்தது உராய்வுக் கணக்கு. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் சுமார் 0.7, நனைந்தால் 0.4, நனைந்த இரும்பு மூடியில் 0.2 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் நிற்கக் குறைந்தபட்சம் தேவைப்படும் தூரம் முறையே 1.8, 3.2, 6.4 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். இதோடு இன்னொன்றும் சேரும். பழைய கம்பி பிரேக் வண்டிகளில் குரோமியம் பூசிய இரும்பு ரிம்தான். அது நனைந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். அதற்குள் ஒரு விநாடி போனாலே 5 மீட்டர் தாண்டிவிடும். எனவே மழையில் அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் மெள்ளப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் சறுக்கினால் சமாளிச்சுடலாம். முன்சக்கரம் சறுக்கினால் ஆள் கீழேதான்.

வளைவிலும் இதே கணக்குத்தான். காய்ந்த சாலையில் வண்டி 35 பாகை வரை சாயலாம். நனைந்த இரும்பின் மேல் 11 பாகை தாண்டினாலே சக்கரம் நழுவும். சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் பள்ளத்தின்மேல் போட்ட இரும்புத் தகடு, சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, பாசி படிந்த சிமெண்ட் கற்கள் ஆகியவற்றை நேராக, சாயாமல், பிரேக் பிடிக்காமல், மிதிக்காமல் கடக்க வேண்டும். தண்டவாளம் குறுக்கிட்டால் கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும்.

"டயர் வழவழன்னு ஆயிடுச்சு, அதான் வழுக்குது" என்று பலர் சொல்வார்கள். நல்ல தார்ச்சாலையில் அது அவ்வளவு சரியில்லை. டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று அமெரிக்க நாசா ஆய்வாளர்கள் 1960களில் விமான டயர்களை வைத்துக் காட்டினார்கள். அந்தச் சூத்திரப்படி, 40 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டரில்தான் மிதக்கும். நாம் அவ்வளவு வேகம் போவதில்லை. டயரின் வெட்டுகளுக்குச் சேற்றில்தான் வேலை. ஆனாலும் தேய்ந்த டயர் எளிதில் பஞ்சராகும், மாற்றுவதே நல்லது. மழைக்காலத்தில் கல் மாதிரி காற்றடிக்காமல் சற்றே குறைத்து வைத்தால் பிடிமானம் கூடும்.

சுமைக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சயான் பக்கம் ஒரு இட்லிக்காரத் தம்பி மூடியின்மேல் திரும்பும்போது சறுக்கி விழுந்ததைப் பார்த்தேன். கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டி, மூன்று வாரம் தொழிலுக்குப் போகவில்லை. வாளியைத் தாழ்வாக, இரு பக்கமும் சம எடையாக, இறுக்கமான மூடியோடு கட்ட வேண்டும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டவே கூடாது. மழைக்கோட்டின் தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்காமல் இருக்கட்டும்.

கடைசியாக, தேங்கிய தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்ததை மும்பைக்காரர் யாரும் மறக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 29 அன்று வெள்ளத்தில் நடந்து போன புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து உயிரிழந்தார். அடி தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடாதீர்கள். இறங்கித் திரும்பி வாருங்கள், அல்லது வடியும்வரை காத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் ரிம்மைத் துணியால் துடைத்து, சங்கிலிக்கு மட்டும் எண்ணெய் விடுங்கள். அது ரிம்மில் பட்டால் மறுநாள் பிரேக் பிடிக்காது.

அரை மணி தாமதமாக வந்த இட்லியை யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு ஆள் முழுசாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.