கறுவா மணத்தின் கதை

கொழும்பு மாநகரிலே கறுவாத்தோட்டம் என்றொரு பகுதி உண்டு. இன்று அங்கே மாளிகைகளையும் அரும்பொருட் காட்சிச்சாலையையும் காணலாம். கறுவாவைக் காண்பது அரிது. அப்பெயர் வந்த வரலாற்றை ஆராயப் புகுந்தால், தெமோதரை மலைகளில் வாழும் நாம் இங்கு வந்த வரலாறும் அதனோடு பிணைந்திருப்பது புலனாகும்.

வாசனைப் பண்டங்களின் வாணிபம் மிகத் தொன்மையானது. சேரநாட்டு முசிறித் துறைக்கு யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டமையை அகநானூறு கூறும். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே என்னும் பழந்துறையில், இந்தியச் சாடியொன்றினுள் 7.5 கிலோகிராம் மிளகை ஆய்வாளர் கண்டெடுத்துள்ளனர்.

மிளகு விளையும் நாட்டை யவனர் அறிந்திருந்தனர். கறுவாவின் பிறப்பிடமோ நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளால் மலைமுகட்டிற் கூடு கட்டும் என்றும், அவற்றை வீழ்த்தியே கறுவாவைப் பெறுதல் கூடும் என்றும் அராபியர் கூறியதாகக் கிரேக்க ஆசிரியர் எரோடோட்டசு எழுதிவைத்தார். விலையை உயர்த்தவே இக்கதைகள் புனையப்பட்டன என்று முதலாம் நூற்றாண்டிலேயே உரோம அறிஞர் பிளினி கண்டுகொண்டார்.

பிற்காலத்தில் கதையின் இடத்தைப் படைபலம் பிடித்துக்கொண்டது. 1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1656இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். கறுவாவைக் களவாக விற்போருக்கு ஒல்லாந்தர் மரண தண்டனையே விதித்தனர்.

கறுவா உரித்தல் எளிய தொழிலன்று. இளங்கொம்பை வெட்டி, மேற்றோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்துப் பட்டையை நெகிழ்த்தி, கிழியாமல் உரித்தெடுத்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி உலர்த்துதல் வேண்டும். இப்பணி சலாகம சமூகத்தார் மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. அவர்தம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் என்பது மரபு. பள்ளியிற் பயிலவேண்டிய பன்னிரண்டு வயதுச் சிறுவனும் இவ்வளவு பட்டை தரவேண்டும் என்று கணக்கிலே பதியப்பட்டான்.

காட்டுக் கறுவாவை மட்டும் நம்பியிருத்தல் இயலாதெனக் கண்ட ஒல்லாந்தர், தேசாதிபதி பால்க் காலத்தில், 1760களின் இறுதியில், மருதானையிலே தோட்டமிட்டனர். கறுவாத்தோட்டம் என்னும் பெயர் அதன் எச்சமே.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1833இல் அரசின் கறுவாத் தனியுரிமை ஒழிந்தது; எனினும் ஏற்றுமதி வரி கனத்திருந்தது. அதற்குள் கறுவா சாவகத்திலும் பயிராகத் தொடங்கியிருந்தது. மலிவான சீனப் பட்டையும் சந்தையிற் போட்டியிட்டது. கறுவாவின் செல்வாக்குச் சரிந்த அக்காலத்திலே மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கவே நம் முன்னோர் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துவந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. பயிர்கள் மாறின, உழைக்கும் கரங்கள் மாறவில்லை.

2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. நாட்டிற்கு இது பெருமையே. விளைபொருளின் பெயரைக் காக்கும் உலகம், அதனை உரித்தும் கொய்தும் தரும் கைகளின் உரிமையையும் காத்தல் வேண்டுமன்றோ?