இன்ஜினுக்குக் கிடைத்த நல்ல தண்ணீர் குழந்தைகளுக்கு இல்லையா? - ஒரு நகரத்தைக் காப்பாற்றிய ரத்தப் பரிசோதனை!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது ஃபிளின்ட் நகரம். 2014-ல் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சமாக இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர், ஏழைகள் அதிகம். நகராட்சி நிதி நெருக்கடியில் இருந்ததால், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை ஓரங்கட்டி, மாநில அரசு நியமித்த அதிகாரியே நிர்வாகத்தை நடத்தினார்.

செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஃபிளின்ட் ஆற்று நீரை வீடுகளுக்கு விட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்து, ஈயம் குடிநீரில் கலந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், இன்ஜின் பாகங்கள் துருப்பிடிப்பதாகச் சொன்ன ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்கு வேறு தண்ணீர் கிடைத்தது. பழுப்புத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துவந்து காட்டிய பெற்றோருக்கோ, `தண்ணீர் பாதுகாப்பானதுதான்' என்ற பதில் மட்டுமே கிடைத்தது.

ஏட்டிலேயே இருந்த ஆதாரம்

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழுவும் ஊர் மக்களும் சேர்ந்து, வீடு வீடாகத் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். ஈயம் இருப்பது உறுதியானது. அது குழந்தைகளின் உடலிலும் சேர்ந்திருக்கிறதா?

ஹர்லி மருத்துவமனையின் குழந்தைகள்நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். சிறு குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யப்படும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மருத்துவமனையிலேயே இருந்தன. தண்ணீர் மாறியதற்கு முன்னும் பின்னுமாக அவற்றைப் பிரித்து ஒப்பிட்டார். ரத்தத்தில் ஈயம் அதிகமிருந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு 2.4 சதவிகிதத்திலிருந்து 4.9 சதவிகிதமாகியிருந்தது. தண்ணீரில் ஈயம் மிகுந்த பகுதிகளில் அது 10.6 சதவிகிதம். ஃபிளின்ட் தண்ணீர் போகாத சுற்றுப்புறங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. வளரும் மூளையை, கற்கும் திறனை அது பாதிக்கும். அதனால், ஆய்விதழில் கட்டுரை வெளியாகும்வரை மோனா காத்திருக்கவில்லை. 2015 செப்டம்பர் 24-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி முடிவுகளை வெளியிட்டார். பீதியைக் கிளப்புகிறார் என்றது மாநில அரசுத் தரப்பு. ஒரு வாரத்துக்குள் அதே அரசு தன் கணக்கை மறுபடி பார்த்து, அவர் சொன்னது சரியே என்று ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பழைய ஏரித் தண்ணீர் திரும்பியது.

சலுகை அல்ல, உரிமை

சுத்தமான குடிநீரை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை அங்கீகரித்தது 2010-ல். அந்த உரிமை ஃபிளின்ட் மக்களுக்கும் இருந்தது. அது பறிபோனதை நிரூபிக்கத்தான் எண்கள் தேவைப்பட்டன. நெருக்கடிக்குப் பின்னால் வேரூன்றிய இனப்பாகுபாடு இருந்தது என்று மிச்சிகன் குடிமை உரிமை ஆணையம் 2017-ல் அறிவித்தது. 2021-ல் சுமார் 62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதில் பெரும்பகுதி, அப்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு. ஈயக் குழாய்களும் ஆயிரக்கணக்கில் மாற்றப்பட்டன.

மூளைக்கு நேர்ந்த பாதிப்பைப் பணத்தால் சரிசெய்ய முடியாது. ஆனால், அந்தக் கணக்கைப் போடாமல் விட்டிருந்தால், இன்னும் எத்தனை குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்கள்!