கடல், கடன்: புரதத்தில் ஓர் எழுத்து மாறினால்

மின்னி பேயில் குடியிருக்கும் எனக்குக் கொசுவும் அண்டை வீட்டுக்காரர்தான். உவர்நீரில் முட்டையிடும் ஒருவகை அனாபிலிஸ் கொசு நம் தீவுகளில் மலேரியாவைப் பரப்புகிறது. அந்த மலேரியாவே நம் இரத்தத்தில் ஓர் எழுத்துப் பிழையைக் காத்து வளர்த்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. இவற்றில் 20 வகை உண்டு. எழுத்துகள் சேர்ந்து சொல் ஆவதுபோல இவை வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. 'கடல்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'கடன்' ஆகிவிடுகிறதல்லவா? புரதத்திலும் அப்படியே.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாம் இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் வந்தால் சிவப்பணு அரிவாள்போல வளைகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு இரத்தச்சோகையும் தாங்கொணா வலியும் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ பொதுவாக நோயில்லை. கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இதை ஆலிசன் என்ற மருத்துவர் 1954-இல் ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். அதற்கு முன்பே, 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் அணுவைக் கண்டு அறிவித்திருந்தனர்.

மலேரியா மிகுந்த காட்டில் வாலின் ஓரளவு நன்மை செய்தது, அதனால் நிலைத்தது. மலேரியா ஒழிந்த ஊரில் நன்மை போய்விடுகிறது, துன்பம் மட்டும் மிஞ்சுகிறது. எழுத்து அதேதான், அதன் மதிப்புதான் மாறிவிட்டது.

மலேரியாக் கிருமியிடமும் இதே கதைதான். அதன் செரிமானப் பையின் சுவரில் உள்ள ஒரு புரதத்தில் 76-ஆம் இடத்தில் லைசின் இருக்கும். அங்கே திரியோனின் வந்துவிட்டால் குளோரோகுயின் மருந்தைக் கிருமி வெளியே தள்ளிவிடும். இந்த மாற்றம் தனித்து வருவதில்லை. அதே புரதத்தின் வேறு இடங்களிலும் மாற்றங்கள் துணைக்கு வருகின்றன. ஓர் எழுத்தின் தகுதி, பக்கத்து எழுத்துகளையும் பொறுத்தது.

ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டது. 1992-இல் 85 விழுக்காடு கிருமிகளில் இருந்த அந்த மாற்றம் 2000-இல் 13 விழுக்காடாகச் சுருங்கியது. மருந்து இல்லாத இடத்தில் திரியோனின் கிருமிக்கே சுமை. லைசின் உள்ள பழைய வகை மீண்டும் பெருகியது.

கிருமிக்குச் சில ஆண்டுகளில் நடப்பது மனிதருக்குப் பல தலைமுறை எடுக்கும். அதுவரை நாம் வாளாவிருக்க முடியாது. அரிவாள் அணு மாற்றம் உள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எளிய இரத்தப் பரிசோதனை இதை முன்கூட்டியே சொல்லிவிடும். இந்திய அரசும் 2023-இல் இதற்கென ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. ஆகவே, இந்நோய் காணப்படும் குடும்பத்தாரைக் 'குறையுள்ள இரத்தம்' என்று ஒதுக்காதீர்கள். அவர்களுடைய முன்னோரை மலேரியாவிலிருந்து காத்த எழுத்து அது. பரிசோதனைக்கு அவர்களை அன்போடு அழைத்துச் செல்லுங்கள்.