சுரங்கத் தொழிலாளி மகளின் பாட்டு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கிழக்குப் பகுதி முழுக்க மலை. அப்பலேச்சியன் மலைத்தொடரின் இரு சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்குகளில் ஒன்று புட்சர் ஹாலோ. அங்கே மரப்பலகைக் குடிசை ஒன்றில் 1932 ஏப்ரல் 14 அன்று லொரெட்டா வெப் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். சினிமா நடிகை லொரெட்டா யங்கின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து அந்தப் பெயரைத் தாய் கிளாரா வைத்தார். குளிர்காற்று பலகை இடுக்குகளில் புகாதிருக்கச் சுவரில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்த வீடு அது. மின்சாரம் கிடையாது. ஓடைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான்.

தந்தை மெல்வின் வெப் பகலில் மலைச்சரிவில் சோளம் பயிரிடுவார். இரவில் வான் லியர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்வார். சுரங்கக் கம்பெனி ஊரையே கையில் வைத்திருந்த காலம். அந்தப் பகுதியில் கூலியின் ஒரு பகுதி பணமாக வராது; கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளாக வரும். நிலக்கரித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளின் நுரையீரல் கறுத்து இறுகிப்போகும். மெல்வினுக்கும் அந்த நோய் வந்தது. 1959-இல், 52 வயதில், அவர் இறந்தார். மகளின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

அந்த வீட்டில் வசதி என்று சொல்ல இருந்தது பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ. சனிக்கிழமை இரவுகளில் நாஷ்வில் நகரிலிருந்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். 1925-இல் தொடங்கி இன்றுவரை நிற்காமல் நடக்கும் இசை நிகழ்ச்சி அது. கன்ட்ரி என்று அழைக்கப்படும் இசைக்கு அதுவே தலைமேடை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்களும், தேவாலயப் பாட்டுகளும், கறுப்பின மக்களின் பாஞ்சோ, புளூஸ் இசையும் மலை நாட்டில் கலந்து உருவானதே கன்ட்ரி. வேலை, வறுமை, குடி, காதல், துரோகம், சாவு ஆகியவற்றை வாசல் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொல்லும் பாட்டு வகை. தம்பி தங்கைகளைத் தாலாட்டிக்கொண்டே லொரெட்டா ரேடியோ பாட்டுகளைப் பாடிப் பழகினார். பாட்டுப் பயிற்சி என்று அவர் பெற்றதெல்லாம் இதுவே.

1948 ஜனவரியில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஆலிவர் லின். ராணுவத்திலிருந்து திரும்பிய 21 வயது இளைஞர். ‘டூலிட்டில்’ என்பது ஊரார் வைத்த பெயர். மணமகளுக்கு வயது 15. தமக்கு அப்போது 13 வயது என்றே லொரெட்டா பல ஆண்டுகள் சொல்லிவந்தார். பிறப்புச் சான்றிதழ் 2012-இல் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் சரியான கணக்கு தெரிந்தது. கணவர் வேலை தேடி நாட்டின் மறுகோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற ஊருக்கு, மனைவியை அழைத்துப் போனார். மரம் வெட்டும் தொழில். அங்கே 20 வயதுக்குள் லொரெட்டா நான்கு குழந்தைகளுக்குத் தாயானார். சமையல், துணி துவைப்பு, பண்ணை வேலை என்று ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஓடின. பள்ளிப்படிப்போ எட்டாம் வகுப்பைத் தாண்டாதது.

அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, இது வீட்டோடு நிற்க வேண்டிய குரல் அல்ல என்று கணவருக்குத் தோன்றியது. 1953 வாக்கில் 17 டாலர் விலையுள்ள ஹார்மனி கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். லொரெட்டா தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். பாடல் வரிகளை அச்சிடும் பத்திரிகைகளைப் படித்து, ஒரு பாட்டு எப்படித் தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதலானார். குடியும் பிற பெண் தொடர்பும் உள்ள கணவர்தான் மனைவியை மேடையில் ஏற்றியவரும். அவர் இல்லாவிட்டால் இந்தப் பாடகி இல்லை. அவர் தந்த வேதனை இல்லாவிட்டால் பாதிப் பாட்டுகள் இல்லை. இரண்டையும் லொரெட்டாவே ஒளிக்காமல் சொன்னார்.

உள்ளூர் விடுதிகளில் பாடத் தொடங்கியவர், டக்கோமா நகரில் பாடகர் பக் ஓவன்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிப் பரிசு பெற்றார். அதைப் பார்த்த நார்ம் பர்லி என்ற மரவணிகர் இசைத்தட்டுக்குப் பணம் போட முன்வந்தார். ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தின் பெயரில், லொரெட்டாவே எழுதிய ‘ஐ’ம் எ ஹாங்க்கி டாங்க் கேர்ள்’ 1960-இல் வெளிவந்தது. மதுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணைக் கண்டதிலிருந்து பிறந்த பாட்டு.

இசைத்தட்டு அச்சானால் மட்டும் போதாது; ஒலிபரப்ப ஆள் வேண்டும். எந்தத் தட்டு ஒலிக்க வேண்டும் என்பதை அக்காலத்தில் அந்தந்த வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர்களே பெரும்பாலும் முடிவு செய்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அவர்களைப் போய்ப் பார்க்க முகவர்கள் உண்டு. லின் தம்பதிக்கு இருந்தது ஒரு பழைய கார். தட்டுகளை முதலில் தபாலில் அனுப்பினார்கள். பிறகு ஊர் ஊராக வண்டியோட்டிச் சென்று, வழியில் கண்ட ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, ஒரு முறையாவது ஒலிபரப்புங்கள் என்று நேரில் கேட்டார்கள். காரிலேயே தூக்கம், ரொட்டியே சாப்பாடு. பாட்டு அந்தக் கோடையில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி வரிசையில் 14-ஆம் இடத்தைப் பிடித்தது. பெரிய முதலீடும் விளம்பரமும் இல்லாத ஒரு முதல் தட்டுக்கு இது அபாரமான இடம். அக்டோபர் 15 அன்று லொரெட்டா, சிறுவயதில் ரேடியோவில் மட்டுமே கேட்டிருந்த கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் நின்று பாடினார்.

நாஷ்விலில் அவருக்கு இரண்டு ஆதரவுகள் கிடைத்தன. ஒன்று, அன்றைய முன்னணிப் பாடகி பாட்ஸி க்ளைனின் நட்பு. 1961-இல் கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த க்ளைனுக்காக லொரெட்டா வானொலியில் ஒரு பாட்டுப் பாடினார். அதைக் கேட்ட க்ளைன் ஆளனுப்பி அவரை அழைத்தார். மேடையில் எப்படி நிற்பது, என்ன உடுத்துவது, சம்பளத்தை எப்படிக் கறாராகக் கேட்டு வாங்குவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தது இந்தத் தோழிதான். 1963 மார்ச்சில் விமான விபத்தில் க்ளைன் இறந்தார். அடுத்த ஆண்டு பிறந்த தம் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு லொரெட்டா பாட்ஸி என்றே பெயர் வைத்தார். மற்றோர் ஆதரவு டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் சேர்த்துக் கன்ட்ரி இசையை நகரத்தாருக்கு ஏற்றபடி மெருகேற்றியவர் என்று பெயரெடுத்தவர் அவர். ஆனால் லொரெட்டாவின் மலைநாட்டு உச்சரிப்பில் மட்டும் கைவைக்கவில்லை. அதுதான் சரியான முடிவு. அந்தப் பேச்சைத் திருத்தியிருந்தால் அந்தப் பாட்டுகள் செத்திருக்கும்.

அதுவரை கன்ட்ரி பாட்டில் பெண் என்றால் பெரும்பாலும் காத்திருப்பாள், அழுவாள், மன்னிப்பாள். 1952-இல் பாடகி கிட்டி வெல்ஸ் ஆண்களைக் குற்றம்சாட்டிப் பாடிப் பெரும்புகழ் பெற்ற பாட்டைக்கூட எழுதியவர் ஓர் ஆண். லொரெட்டாவின் பாட்டில் வரும் பெண் எதிரே நிற்பவரிடம் நேராகப் பேசுகிறாள். 1966-இல் வந்த ‘யூ எய்ன்ட் வுமன் எனஃப்’, கணவனைப் பறிக்க வரும் பெண்ணுக்கு நேருக்கு நேர் விடும் சவால். நிகழ்ச்சிக்கு முன் தம்மிடம் வந்து அழுத ஒரு ரசிகையின் கதையைக் கேட்டு, ஒப்பனை அறையிலேயே சில நிமிடங்களில் எழுதியது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டின் ‘டியர் அங்கிள் சாம்’, வியட்நாம் போருக்குக் கணவனை அனுப்பிய மனைவி அரசுக்கு எழுதும் கடிதம். குடித்துவிட்டு வரும் கணவனைக் கண்டிக்கும் ‘டோன்ட் கம் ஹோம் எ-டிரிங்கின்’ தங்கை பெக்கி சூவுடன் சேர்ந்து எழுதியது. 1967-இல் அவருக்கு முதல் முதலிடத்தைத் தந்தது. விவாகரத்தான பெண்ணை ஊர் பார்க்கும் பார்வையைப் பற்றி 1972-இல் வந்த ‘ரேட்டட் எக்ஸ்’ அவரே எழுதியது. அதுவும் முதலிடம். அடுப்படியில் நடப்பது பாட்டுக்கு உரிய பொருள்தான் என்று தயக்கமில்லாமல் நம்பிய எழுத்தாளர் அவர்.

1975-இல் வெளியான ‘தி பில்’ கருத்தடை மாத்திரையைக் கொண்டாடும் பாட்டு. எழுதியவர்கள் வேறு, ஆனால் 20 வயதுக்குள் நான்கு பிள்ளை பெற்றவர் பாடியபோது அது அவர் வாக்குமூலமாகவே ஒலித்தது. பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. இருந்தும் கன்ட்ரி வரிசையில் 5-ஆம் இடம் வரை ஏறியது. துண்டுப் பிரசுரங்களால் ஆகாததை அந்தப் பாட்டு செய்தது என்று கிராமப்புற மருத்துவர்கள் தம்மிடம் சொன்னதாக லொரெட்டா பேட்டியில் கூறினார்.

இத்தனையிலும் தலைசிறந்தது ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ — சுரங்கத் தொழிலாளியின் மகள். 1969-இல் பதிவாகி 1970-இல் வெளிவந்தது. அதில் தனியான பல்லவி கிடையாது. தகப்பன் இரவு முழுக்கச் சுரங்கத்தில், பகல் முழுக்கச் சோளக் கொல்லையில். தாய் துவைக்கும் பலகையில் விரல் தேய்கிறாள். கோடையில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் செருப்பு வாங்கப் பன்றி விற்றாக வேண்டும். இப்படிச் சரணம் சரணமாக நடந்து, இறுதி வரியில் தலைப்புச் சொற்களில் வந்து நிற்கிறது. நடுவில் சுருதி ஏறுகிறது. கடைசியில் அவர் ஊருக்குத் திரும்பிப் பார்க்கையில் வீட்டின் தரை மட்டும் மிஞ்சியிருக்கிறது. வறுமைக்காக இரக்கம் கேட்கும் ஒரு சொல்கூட இல்லை. எழுதும்போது சரணங்கள் இன்னும் நிறைய இருந்தன. நீளம் கருதிப் பிராட்லி சிலவற்றை வெட்டச் சொன்னார். வெட்டியவை பிறகு கிடைக்கவே இல்லை என்பது லொரெட்டாவின் நீங்காத வருத்தம். பாட்டு முதலிடம் பெற்றது. அதே பெயரில் 1976-இல் தன்வரலாறு வந்தது, 1980-இல் படமானது. அதில் லொரெட்டாவாக நடித்து, பாட்டுகளையும் தம் குரலிலேயே பாடிய சிஸ்ஸி ஸ்பேசெக் ஆஸ்கர் விருது வாங்கினார்.

இவ்வளவு எழுதியவர் 1970-களின் நடுவிலிருந்து ஏன் குறைவாக எழுதினார் என்ற கேள்வி எழும். விடை ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. ஒரு பாட்டிலிருந்து வரும் வருமானம் இரண்டு வகை. பாடிய பதிவுக்கானது ஒன்று. சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமைப் பணம் மற்றது. யார் பாடினாலும், எப்போது ஒலிபரப்பினாலும் அது வரும். அமெரிக்காவில் இந்த இரண்டாவதை நிர்வகிப்பவை இசைப் பதிப்பகங்கள். புதிதாக வரும் பாடலாசிரியர் பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக்கொடுத்து, வரும் பணத்தில் தம் பங்கைப் பெறுவார். நாஷ்வில் வந்த புதிதில் லொரெட்டா, பாடகர்களான வில்பர்ன் சகோதரர்களின் ஷ்யூர்-ஃபயர் பதிப்பகத்துடன் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவரை டெக்காவில் சேர்த்துத் தொலைக்காட்சியிலும் வாரந்தோறும் பாடவைத்தவர்கள் அவர்கள் என்பதும் உண்மை. 1970-களின் தொடக்கத்தில் உறவு முறிந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நிர்வாகப் பிடியிலிருந்து விடுபட்டாலும் பாடல்களின் உரிமை அவர் கைக்கு வரவில்லை. புதிதாக எழுதினாலும் அங்கேயே போகும் என்ற நிலையில் அவர் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, பிறர் எழுதியவற்றை அதிகம் பாடினார். நல்ல எழுத்தாளர் ஒருவரின் விளைச்சல் மிகுந்த ஆண்டுகள் இப்படிப் போனது கன்ட்ரி இசைக்குப் பெரிய நஷ்டம்.

பாடகியாக அவர் புகழுக்குக் குறைவில்லை. 1972-இல் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, லொரெட்டாவுக்கு, அளித்தது. பாடகர் கான்வே ட்விட்டியுடன் பாடிய ஜோடிப் பாட்டுகள் தொடர்ந்து வென்றன. டென்னசி மாநிலத்து ஹரிகேன் மில்ஸில் 1966-இல் வாங்கிய பண்ணை அவர் வீடாயிற்று. அங்கே புட்சர் ஹாலோ குடிசையைப் போலவே ஒன்றைக் கட்டிவைத்தார். 1984-இல் மகன் ஜாக் பென்னி ஆற்றில் மூழ்கி இறந்தார். 1996-இல் கணவர் போனார். சண்டையும் சமாதானமுமாக 48 ஆண்டுகள் நீடித்த மணவாழ்க்கை அது.

பிறகு 72 வயதில் எழுத்து திரும்பியது. அவரைவிட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இளைய ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட் தயாரிப்பில் ‘வான் லியர் ரோஸ்’ 2004-இல் வந்தது. தலைப்புப் பாட்டு, சுரங்க ஊரில் இளமையில் அழகியாக இருந்த தாயைத் தந்தை மணந்த கதை. பாட்டுகள் பெரும்பாலும் லொரெட்டா தனியாக எழுதியவை. தொகுப்பு இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. 2008-இல் பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடமும், 2013-இல் அதிபர் ஒபாமாவிடமிருந்து சுதந்திரப் பதக்கமும் கிடைத்தன. 2017-இல் பக்கவாதம் தாக்கிய பிறகும் 2021-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2022 அக்டோபர் 4 அன்று, 90 வயதில், ஹரிகேன் மில்ஸ் வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார்.

லொரெட்டா லின்னை இதுவரை கேட்டிராதவர்கள் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டிலிருந்து தொடங்கலாம். அதன்பின் ‘வான் லியர் ரோஸ்’ தொகுப்பை முழுதாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 34 ஆண்டுகள்; எழுதிய கையும் உச்சரிப்பும் அப்படியே இருக்கின்றன.