பைக் ரேஸ் நடக்கணுமா? முதல்ல மார்ஷல் வரணும்!

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் குட்டித் தீவு, ஐல் ஆஃப் மேன். மே மாதக் கடைசியில் அங்கே ஊர் மக்கள் தினமும் போய்வரும் சாலையே ரேஸ் டிராக் ஆகிவிடும். 1907-ல் ஆரம்பித்த 'டி.டி.' பைக் ரேஸ்தான் காரணம்.

ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். இரு பக்கமும் கல் சுவர், வீடு, கம்பம். 2023-ல் பீட்டர் ஹிக்மேன் மணிக்கு சராசரியாக 219 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். இந்தச் சாலையில் இதுவரை 260-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் வீரர்களுக்குக் காவல் யார்? மார்ஷல்கள். சம்பளம் கிடையாது, எல்லோருமே தன்னார்வலர்கள். 16 வயது நிரம்பியவர்கள் பெயர் கொடுக்கலாம். சுற்று முழுக்க சுமார் 500 பேராவது நின்றாக வேண்டும். ஆள் குறைந்தால் ரேஸ் தொடங்காது!

ஓடாதே, முதலில் பார்!

கண்ணெதிரே ஒருவர் விழுந்தால் நம் கால் தானாக ஓடும். பயிற்சியில் முதலில் மாற்றுவது அந்தப் பழக்கத்தைத்தான். வீரர்கள் 10 விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். விழுந்தவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்துகொண்டிருப்பார், ஒரு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில். யோசிக்காமல் சாலையில் இறங்கினால் விழுந்தவர், ஓடியவர், பின்னால் வருபவர் என மூன்று உயிருக்கும் ஆபத்து.

அதனால் முதல் வேலை, மஞ்சள் கொடியை ஆட்டுவது. 'முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே' என்று அர்த்தம். சாலையில் எண்ணெய் சிந்தியிருந்தால் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி. ரேஸை நிறுத்தும் சிவப்புக் கொடியை மட்டும் மார்ஷல் தன் இஷ்டத்துக்குக் காட்ட முடியாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வர வேண்டும்.

அடுத்து, எந்த இடம், எத்தனை பேருக்கு அடி, சாலை அடைபட்டிருக்கிறதா என்று ரேடியோவில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரை அனுப்புவதா என்பதே இந்தத் தகவலை வைத்துத்தான் முடிவாகும். அடிபட்டவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது. கழுத்தெலும்பில் அடி இருக்கலாம்.

புதிதாக வருபவரைத் தனியாக நிறுத்துவதில்லை. அனுபவசாலிகள் பக்கத்தில் இருப்பார்கள். பெரும்பாலான நேரம் வேலை, சும்மா நின்று கவனிப்பதுதான்.

பின்னால் வரும் வண்டியை எச்சரி, தகவல் சொல், பிறகு கை கொடு. எந்தச் சாலை விபத்துக்கும் இந்த வரிசை பொருந்தும். நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்!