குறுகிய வழியும் விரைவான வழியும்

இரு புள்ளிகளை இணைக்கும் பாதைகளுள் நேர்கோடே மிகக் குறுகியது என்பது கேத்திரகணிதம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்ததே. எனினும் முகத்துவாரத்திலிருந்து வடக்கேயுள்ள கட்டுநாயக்காவுக்குச் செல்வோன் முதலிற் கிழக்கே பேலியகொடைக்குச் சென்று, 2013 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அதிவேக நெடுஞ்சாலையில் ஏறுதல் உண்டு. தொலைவு கூடினும் நேரம் குறையலாம் என்பதே காரணம். தொலைவை விடுத்து நேரத்தையே அளவுகோலாகக் கொள்ளும்போது தளத்தின் இயல்பு எங்ஙனம் மாறுகின்றது என ஆராய்வது கணிப்புக் கேத்திரகணிதத்தின் ஒரு பிரிவாகும்.

வெட்டவெளியில் நேரான விரைவுப்பாதை ஒன்று செல்வதாகவும், அதில் எவ்விடத்தும் ஏறலாம் எனவும் கொள்க. அப்பாதைக்குச் செங்குத்தாக நடந்து ஏறுதலே சிறந்தது எனத் தோன்றும். உண்மை அதுவன்று. செல்லும் திசை நோக்கிச் சற்றுச் சாய்ந்து நடத்தல் வேண்டும். நடைவழி பாதையோடு அமைக்கும் கோணத்தின் கோசைன், நடைவேகத்தைப் பாதையின் வேகத்தால் வகுத்துவரும் ஈவுக்குச் சமமாகும். பாதையின் வேகம் இரு மடங்காயின் அக்கோணம் 60 பாகை. பத்து மடங்காயின் ஏறத்தாழ 84 பாகை. ஒளி மிகக் குறைந்த நேரத்திற் செல்லும் வழியையே பற்றும் எனப் பேர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் பதினேழாம் நூற்றாண்டிற் கூறிய விதியும் இத்தகையதே.

வெள்ளவத்தையில் நிலை வேறு. காலி வீதியும் புகையிரதப் பாதையும் கடலோரமாக ஒன்றையொன்று ஒட்டிச் செல்ல, குறுக்கு வீதிகள் அவற்றை இணைக்கின்றன. ஆங்குச் சாய்ந்து நடத்தல் இயலாது. நிலையத்திலன்றி ஏறவும் இயலாது. தண்டவாளத்தின் அருகே வாழ்வோனுக்கும் நிலையம் வரை நடையே கதி. வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே வாழும் ஒருவன் கோட்டைக்குச் செல்கின்றான் என்க. வண்டி நடையினும் பத்து மடங்கு விரைவுடையதாயின், காத்திருக்கும் நேரத்தை நீக்கிப் பார்க்குமிடத்து, இடைத்தூரத்தின் நூற்றில் 45 பங்குக்குள் வெள்ளவத்தையை அண்டியிருப்போன் பின்னோக்கி நடத்தலே நன்று. ஏனையோர் முன்னோக்கி நடத்தல் வேண்டும். எல்லை நடுப்புள்ளியில் அமையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வாறே நகரம் முழுவதற்கும் எல்லை வகுக்கலாம். ஓரிடத்தில் வாழ்வோர்க்கு எந்த வைத்தியசாலை அண்மையது என்னும் வினாவுக்கு விடையாகும் பிரிவினைப் படம், உருசியப் பேரரசின் கணிதவியலார் வொரோனோயின் பெயரால் வழங்குகின்றது. நேரத்தை அளவாகக் கொண்ட நகர வொரோனோய்ப் படத்தை வரையும் முறையினை ஐக்கோல்சர், ஔரென்காமர், பலோப் ஆகியோர் 2002 இல் வெளியிட்டனர். நிலையங்களில் மட்டுமே ஏறக்கூடிய இடத்து, ஒரு வைத்தியசாலைக்குரிய பகுதி ஒரே துண்டாக அமையாது, தொலைவிலுள்ள நிலையங்களைச் சூழ்ந்த தீவுகளாகவும் சிதறிக் கிடத்தல் கூடும்.

ஆதலின், ஊர்ப்படத்தில் அடிக்கோல் வைத்து அளந்து வைத்தியசாலைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் இடம் தெரிவது போதாது. அருகிருப்போர் எனக் கருதப்படுவோர் நேரத்தால் மிகத் தொலைவில் இருத்தல் கூடும். உயிர் காக்கும் வேளையில் கணக்கிற்கு வருவது மைல் அன்று, நிமிடமே.